சோடாக்காரர் வைக்காத வாசல்

கப்பல் வந்த காலத்தில் கட்டப்பட்டு, கப்பல் வராமல் போன காலத்திலும் விழ மறந்து நின்றுகொண்டிருந்த பெரிய வீடு ஒன்று கீழ்த்துறையில் இருந்தது. அதன் மேற்கு வாசல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இல்லாமல் போனதை முதலில் பார்த்தவள் தையல்நாயகிதான், ஏனென்றால் அந்த வீட்டில் கோலம் போடுகிறவள் அவள் ஒருத்திதான். வாளியும் கோலமாவு டப்பாவுமாகக் கூடத்தைத் தாண்டி வந்தவளுக்கு எதிரே, கதவு இருக்கவேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. அவசரத்தில் எழுப்பிய சுவராகவும் தெரியவில்லை. சுண்ணாம்பு காய்ந்து பழுத்து, ஒரு பல்லிகூட அதற்குள் குடியேறியிருந்தது. கோலம் போடாமல் அடுப்பு மூட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது என்பதால், தையல்நாயகி வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். தெற்கே சாமான் அறையில், காலி சோடா பாட்டில் பெட்டிகளுக்குப் பின்னால், அரைவட்ட வளைவு வைத்த பெரிய கதவு ஒன்று திறந்து கிடப்பதைக் கண்டாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி வழி பண்ணிக்கொண்டு, தெருவில் இறங்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் திடுக்கிட்டாள். அதுவும் கொஞ்ச நேரம்தான். பால் வந்துவிட்டது.

இந்த இடத்தில் வீட்டின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தையல்நாயகிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு டச்சுத் துணி வியாபாரி. ஊர் வாயில் நுழையாத அவர் பெயரை ஊரே செதுக்கி வாண்டர் துரை என்று வைத்துக்கொண்டது. துரை தன் கப்பலைத் தானே முதலில் பார்க்கவேண்டும் என்று கிழக்கே கடலைப் பார்த்து வாசல் வைத்து, முட்டைக் கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம் என்கிற கனத்துக்குச் சுவர் எழுப்பி, கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவினார். அவருக்குப் பிறகு வீட்டை வாங்கிய மீராசா மரைக்காயருக்குக் கப்பலைவிடப் பள்ளிவாசல் முக்கியம். கிழக்கு வாசலை அடைத்து, தெற்கே பள்ளிவாசல் தெருவுக்கு வாசல் திறந்து, நடுவே முற்றம் இறக்கி, பினாங்கிலிருந்து கொண்டுவந்த வண்ணக் கண்ணாடிகளை வளைவுகளில் பதித்தார். அவரிடமிருந்து வாங்கிய வக்கீல் சாரங்கபாணி ஐயங்காருக்குக் கட்சிக்காரர்கள்தான் எல்லாம். அவர் தெற்கை அடைத்து, மேற்கே கோர்ட்டு ரோட்டைப் பார்த்து வாசல் வைத்து, கார் வந்து நிற்க முகப்பு கட்டி, அதன் நெற்றியில் தன் பெயரைப் பட்டத்தோடு சுண்ணாம்பில் எழுதிக்கொண்டார். ஆக, வீட்டை வாங்கியவன் தனக்கென்று ஒரு வாசல் திறக்கவேண்டும், பழையதை அடைக்கவேண்டும் என்பது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. அடைத்தாலும் பழைய நிலையை யாரும் பிடுங்கியதில்லை. பொன்னும் நவதானியமும் போட்டுப் பால் ஊற்றி நிறுத்திய நிலையை, வீடு நிற்கிற வரையில் அசைக்கக்கூடாது என்று கொத்தனார்கள் சொன்னார்கள். துரை, மரைக்காயர், ஐயங்கார் மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் கொத்தனாரிடம் வாயாடக்கூடாது என்பதுதான்.

நாலாவதாக வாங்கியவர் தையல்நாயகியின் அப்பா, கோலி சோடா கம்பெனி வைத்திருந்த வைத்தியலிங்கம். அவர் வாங்கியபோது திசையில் மிச்சமிருந்தது வடக்கு மட்டும். வடக்கே இருந்ததோ சாக்கடைச் சந்து. நகராட்சிப் பலகையில் அதற்கு வேறு நல்ல பெயர் உண்டு, பலகைக்கு மட்டும். மீன்கூடைக்காரிகளும் சுமை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் குடியிருந்த சந்து அது. "சந்தைப் பாக்க வாசல் வைக்கவா இவ்ளோ பெரிய வூட்ட வாங்குனேன்?" என்று கேட்டுவிட்டு, வைத்தியலிங்கம் ஐயங்காருடைய வாசலிலேயே போய்வந்து, ஐயங்காருடைய பெயருக்குக் கீழேயே உட்கார்ந்து பேப்பர் படித்து, கடைசியில் அதே வாசல் வழியாக ஊர் தூக்கிப் போகக் காலமானார். கீழ்த்துறையில் அதைப் பற்றி ஒரு சிரிப்பு எப்போதும் உண்டு. சோடாக்காரர் வீடு வாங்கினார், வாசல் வாங்கவில்லை என்பார்கள்.

அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் முத்துக்குமரசாமி சென்னையில் இருந்தார். இளையவள் தையல்நாயகி கல்யாணம் என்று ஒன்று அமையாமல், அப்பாவுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டு வீட்டோடு தங்கிவிட்டவள். கம்பெனி நொடித்த பிறகு அடுப்படியில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்கத் தொடங்கினாள். முன்வாசலில் வியாபாரம் கூடாது என்று அப்பா முறைத்ததால், வடக்குப் பக்கத்து அடுப்படி ஜன்னலில் இரண்டு கம்பியை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகத்தான் சந்துக்கு மாவு ஊற்றினாள். காலையில் சந்துக்காரர்கள் தூக்கும் கிண்ணமுமாக ஜன்னலடியில் வந்து நிற்பார்கள். மாவு வெளியே போகும், ஊர்ச் சேதி உள்ளே வரும். யாருக்குக் காய்ச்சல், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் தையல்நாயகிக்குத் தெரியும். முன்வாசலில் வந்து நின்ற கௌரவமான மனிதர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணன் ஒரு பத்திரத்தை நீட்டி, "போடு தையு" என்றார். அவள் போட்டாள். பிறந்த வீட்டில் பங்கு கேட்கிற பெண் பிறந்த வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியவள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் அது. பங்கை விட்டுக்கொடுத்தவளுக்கு ஒரு பட்டுப்புடவை வரும், அவளுக்கும் வந்தது. பங்கைத்தான் விடுகிறோம், இருக்கிற இடத்தையுமா விடுகிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எழுதி வாங்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை. வருஷம் திரும்பியதும் அண்ணன் வந்து, கோயம்புத்தூர் ஓட்டல்காரர் ஒருவருக்கு வீடு பேசியாகிவிட்டது, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதி ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டு, "நீ எங்களோட வந்துடு தையு, நாங்க இல்லயா" என்றார். அண்ணன் வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்று தையல்நாயகிக்குத் தெரியும். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், துணி காய்கிற கொடிக்குக் கீழே, ஒரு மடக்குக் கட்டில். பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் வெளியே காட்டாமல் ஊறப்போட்ட உளுந்தைக் கழுவினாள். அது வியாழக்கிழமை. மறுநாள்தான் மேற்கு வாசல் இல்லாமல் போனது.

கீழ்த்துறை இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், கீழ்த்துறை எதையும் எடுத்துக்கொள்ளும் ஊர். கடல் ஒரு பர்லாங்கு பின்வாங்கியபோது அதை எடுத்துக்கொண்டு அந்த மணலில் ஐஸ் பேக்டரி கட்டிய ஊர். தபால்காரர் கலியமூர்த்தி கதவு எண்ணைத் தெற்கே தேடிக் கண்டுபிடித்து, "தெரு மாறிடுச்சுன்னா முன்கூட்டி ஒரு கார்டு போடப்படாதா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுவரிக்காரர்கள் வந்து நாடா பிடித்துப் பார்த்து, வாசல் நகரக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார்கள். கோர்ட்டு ரோட்டில் மட்டும் கொஞ்சம் வருத்தம். மாசிமகத்துக்குச் சாமி வந்து அந்த வாசலில் நின்று தீபாராதனை வாங்கிக்கொள்வது பழைய பாத்தியதை என்பதால், அந்த வருஷமும் சாமி வந்து, ஐயங்கார் பெயருக்குக் கீழே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பட்டாச்சாரியார் இரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சுவருக்கே சடாரி சாத்தினார். உள்ளே சுவருக்கு இந்தப் பக்கம் தையல்நாயகி கைகூப்பி நின்றாள்.

பள்ளிவாசல் தெருவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். மரைக்காயரின் கொள்ளுப்பேரன் நூர்தீன், கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்கிறவர், கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடிவந்து கதவைத் தடவிப் பார்த்தார். "எங்க வாப்பாவுக்கு வாப்பாவோட வாப்பா வச்ச கதவுக்கா இது. கீல்ல எண்ணெ இல்லாம கத்துது பாருங்க" என்று சொல்லி, தானே எண்ணெய் போட்டார். நோன்புக் கஞ்சி ஒரு தூக்கு தினமும் அந்த வாசலுக்கு வரத் தொடங்கியது. ஆட்டோ ஸ்டாண்டு மேற்கிலிருந்து தெற்குக்கு நகர்ந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் தங்கள் வாசலுக்கு நேரே இன்னொரு வாசல் வந்தது ஆகாது என்று முணுமுணுத்தார்கள், பிறகு எதிரே ஆள் இருப்பது பேச்சுத்துணைக்கு ஆகும் என்று கண்டுபிடித்தார்கள். தையல்நாயகிக்கே அந்தத் தெருவில் இரண்டு பேர் தோழியானார்கள். ஆனாலும் மாவு மட்டும் வடக்கு ஜன்னல் வழியாகத்தான் போனது. பழகியவர்கள் அங்கேதான் நின்றார்கள்.

தெற்கு வாசலும் ஒருநாள் போனது. எல்லாரும் கிழக்கே போய்ப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே துரையின் வாசல் அங்கே இருந்தது, தேக்குக் கதவும், கதவில் பித்தளைச் சிங்கமுகமும், மேலே விசிறி போல விரிந்த மரச்சட்டமுமாக. ஒரே ஒரு சங்கடம், துரையின் முன்கூடத்தைத்தான் சோடாக்காரர் தடுத்துக் குளியலறை ஆக்கியிருந்தார். அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் சிங்கமுகத்தின் வாயிலிருக்கும் வளையத்தைத் தட்டி, இருமி, "உள்ள யாரும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு, ஈரத்தில் வழுக்காமல் பார்த்து வரவேண்டியிருந்தது. இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. காலை ஒன்பது மணிக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பது வழக்கமானது.

வீடு பின்னோக்கிப் போகிறது என்பது அப்போதுதான் டீக்கடைக்கு உறைத்தது. வக்கீல் போனார், மரைக்காயர் போனார், இப்போது துரை. துரைக்கு முன்னால் யார்? யாரும் இல்லை. அப்படியென்றால் அடுத்து வாசலே இல்லாமல் போகும் என்றார்கள் பாதிப் பேர். வாசலே இல்லாத வீட்டுக்குள் அகப்பட்டவள் கதி என்ன என்றார்கள் மீதிப் பேர். சோடாக்காரர் ஒரு வாசல் வைத்திருந்தால் வீடு அதிலேயே நின்றிருக்கும், அந்தக் குடும்பத்தை வீட்டுக்குத் தெரியவே தெரியாது, வந்துபோகிற ஆளாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சு ஜன்னல் வழியாக மாவு வாங்க வந்த இருதயமேரியின் வாயால் தையல்நாயகிக்கு வந்து சேர்ந்தது. மீன்கூடைக்காரி இருதயமேரிக்கு எதையும் மென்று விழுங்கத் தெரியாது.

"ஒங்களுக்குன்னு வாசலு இல்லியாமேக்கா."

"ஆமா மேரி. இல்லதான்."

சொல்லிவிட்டுத் தையல்நாயகி அடுத்த தூக்குக்கு மாவு ஊற்றினாள். பிறந்ததிலிருந்து இருந்த வீடு. எந்தத் தூணில் எந்த வெடிப்பு என்று இருட்டிலும் சொல்லுவாள். அந்த வீடே அவளை யாரென்று கேட்கிறது என்றால், பிறகு அண்ணனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஓட்டல்காரருக்குத் துரையின் வாசலைப் பார்த்ததும் கால் தரையில் பாவவில்லை. இந்த வாசல்தான் வேண்டும், இதைப் படம் எடுத்துப் போட்டால் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், குளியலறையை இடித்துவிடலாம், சீக்கிரம் பத்திரம் பண்ணுங்கள் என்றார். நல்ல நாள் பார்த்தார்கள். காலையில் விற்கிறவர்கள் விளக்கோடு வாசல் வழியாக வெளியே வரவேண்டும், வாங்குகிறவர் பால்செம்போடு அதே வாசல் வழியாக உள்ளே போய்ப் பால் காய்ச்சவேண்டும், பிறகு ரிஜிஸ்தர் ஆபீசு. முத்துக்குமரசாமி சென்னையிலிருந்து முதல் நாளே வந்து, நூர்தீன் கடையிலேயே ஒரு நீளச் சங்கிலி வாங்கி, சிங்கமுக வளையத்தில் மாட்டி, எதிரே இருந்த மின்கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினார். "நகருதான்னு பாத்துடறேன்" என்றார். நூர்தீன் சங்கிலிக்கு நல்ல கனம் பார்த்துத்தான் கொடுத்திருந்தார். வியாபாரம் வேறு, மனசு வேறு.

அன்று சாயங்காலம் தையல்நாயகி அரிசியும் உளுந்தும் களைந்து கிரைண்டரில் போட்டாள். முற்றத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அண்ணன் சத்தம் கேட்டு வந்தார்.

"நாளைக்கு வூட்ட விட்டுப் போறவ இப்ப எதுக்கு மாவு ஆட்டற?"

"சந்துல நாளைக்கும் இட்லி திம்பாங்கண்ணே."

"அவங்க எங்கயாவது வாங்கிப்பாங்க."

"நாளைக்குன்னு சொல்லி வச்சுட்டுப் போயிருக்காங்க. தூக்கோட வந்து நிப்பாங்க."

முத்துக்குமரசாமி கெட்டவர் இல்லை. கிரைண்டரை நிறுத்தச் சொல்லாமல், ஓட்டல்காரரோடு சாப்பிடக் கிளம்பி, லாட்ஜிலேயே படுத்துக்கொண்டார். தையல்நாயகி உப்புப் போட்டு மாவைக் கரைத்து மூடி வைத்தாள். அப்பா படத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கிரைண்டரை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை அண்ணி சென்னை வீட்டுக்குள் விடமாட்டாள். குழவியைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் அழுதாள், அதுவும் நன்றாகவே அழுதாள்.

விடிந்தபோது சங்கிலி மின்கம்பத்திலிருந்து போய் ஒரு சுவருக்குள் நுழைந்திருந்தது. கதவு இல்லை. அண்ணன் தெற்கே ஓடிப் பார்த்தார், இல்லை. மேற்கே ஐயங்கார் பெயர் இருந்தது, வாசல் இல்லை. பட்டுவேட்டியும் பால்செம்புமாக ஓட்டல்காரர் அவர் பின்னாலேயே சுற்றினார், ஓட்டல்காரர் பின்னால் டீக்கடை சுற்றியது. மூன்று பக்கமும் சுவரைத் தட்டி "தையு, தையு" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆள் படுக்கலாம் என்கிற கனத்துச் சுவர், எந்தக் குரலையும் அது உள்ளே விடவில்லை. போச்சு, அந்தப் பிள்ளை உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று கோர்ட்டு ரோட்டில் ஒரு அம்மாள் தலையில் கை வைத்தாள். முத்துக்குமரசாமிக்கு அப்போதுதான் வீடும் ஓட்டலும் மறந்து, தங்கை மட்டும் ஞாபகத்துக்கு வந்தாள்.

தையல்நாயகிக்கு இந்தக் களேபரம் எதுவும் தெரியாது. அவள் எழுந்து, பல் துலக்கி, பொங்கி நின்ற மாவைக் கிளறிவிட்டு, வழக்கமான நேரத்துக்குத் தூக்குகள் மோதுகிற சத்தம் கேட்டு, அடுப்படி ஜன்னலைத் திறக்கக் கையை நீட்டினாள். கை கொக்கியைத் தேடியது, கிடைத்தது தாழ்ப்பாள். நீக்கினாள். ஜன்னல் அகலத்துக்கு, ஜன்னலின் பழைய மேல்சட்டமே தலைச்சட்டமாக, கீழே தரை வரைக்கும் இறங்கிய ஒரு குள்ள வாசல் திறந்தது. நிலை வேப்பமரம். அண்ணாந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை, சிங்கமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சாக்கடைக்கு மேல் கல்பலகை போட்டு இரண்டு படி. படியடியில் சந்து முழுக்க நின்றது.

இருதயமேரி தூக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிலையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாசலு வச்சிட்டீங்களாக்கா? சொல்லவே இல்ல."

"நான் எங்க வச்சேன்."

"பின்ன, இத்தன வருசமா இது வழியாத்தான குடுத்து வாங்கிக்கிட்டு இருந்தீங்க? அதுவே வச்சிக்கிச்சு போல." பிறகு, முக்கியமான விஷயம் அதில்லை என்பதுபோல, "பாலு காச்சணுமே. புது வாசலு" என்றாள்.

யார் வீட்டிலிருந்தோ பால் வந்தது, யார் வீட்டிலிருந்தோ மஞ்சள் வந்தது, வண்டிக்காரர் ஒருவர் மாவிலைக்கு ஓடினார். தையல்நாயகி நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, படியிறங்கிச் சந்தில் தண்ணீர் தெளித்தாள். கோலம் போடத் தொடங்கினாள். இந்தத் திசையில் கோலம் போடுவது அதுதான் முதல் தடவை. புள்ளி கோணிக்கொண்டது, அழிக்காமல் அப்படியே இழுத்துவிட்டாள்.

சேதி சுற்றிக்கொண்டு தெற்குக்குப் போய்ச் சேர்ந்து, ஓட்டல்காரர் சந்து முனை வரைக்கும் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். கார் நுழையாது. பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிற வெள்ளைக்காரன் அந்தக் கல்பலகையில் கால் வைப்பானா என்று யோசித்தார். "கடலைப் பார்த்த வாசல்னு சொன்னீங்க, சாக்கடையைப் பார்த்த வாசலைக் காட்டுறீங்களே" என்று சொல்லி, பால்செம்பை ஆட்டோ ஸ்டாண்டில் யாரிடமோ கொடுத்துவிட்டு, அடுத்த ரயிலுக்குப் புறப்பட்டார். அதற்குப் பிறகும் இரண்டொருவர் வீடு கேட்டு வந்ததுண்டு, அவர்களும் சந்து முனையோடு திரும்பினார்கள். இன்றைக்கும் பத்திரத்தில் முத்துக்குமரசாமியின் பெயர்தான் இருக்கிறது. கலியமூர்த்தி மட்டும் தபாலைச் சந்தில் கொண்டுவந்துதான் கொடுக்கிறார், ஆட்டோக்காரர்களிடம் சோடாக்காரர் வீடு என்றால் தெரியாது என்பார்கள், தையல்நாயகி வீடு என்று சொல்லவேண்டும்.

ஆனால் அந்தக் காலையில் முத்துக்குமரசாமிக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. தங்கை பத்திரமாக இருக்கிறாள் என்று கேட்டதும், பிறந்து வளர்ந்த ஊரில் ஒருநாளும் கால் வைக்காத சந்துக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கல் கல்லாகப் பார்த்துத் தாண்டி வந்தார். மாவுக்கு நின்றவர்கள் வழிவிடவில்லை. காலை நேரம், அவரவருக்கு வேலைக்குப் போகவேண்டும். அவரும் தூக்கில்லாமல் வரிசையில் நின்று நகர்ந்து நகர்ந்து படியடிக்கு வந்தார். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. கரண்டியும் கையுமாக நின்ற தங்கையைப் பார்த்தார். பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது, எதற்கென்று அவருக்கே விளங்கவில்லை.

"தையு," என்றார். பிறகு, அந்த வீட்டில் யாரும் அவளிடம் அதுவரை கேட்காததைக் கேட்டார். "உள்ள வரலாமா?"

தையல்நாயகி அடுத்த கிண்ணத்துக்கு ஊற்றவேண்டிய மாவைக் கரண்டியில் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தாள், அவர் தலைக்கு நேரே இருந்த நிலையைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. நெல தணிவா இருக்கு, குனிஞ்சு வாங்க."

அவர் குனிந்தார்.